சேலம் வெயிலுக்கும் ஏற்காடு குளிருக்கும் ரேடியன்ட் சிஸ்டம்: எனர்ஜிபிளஸ்ல சிமுலேட் பண்றது எப்படி

மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற பெட்ரூம்ல சித்திரை மாசம் படுத்தவங்களுக்கு இது தெரியும், ஏசி 26ல ஓடுது, ரிமோட்டும் 26னு தான் காட்டுது, ஆனா அனல் மட்டும் அடங்க மாட்டேங்குது. காரணம் காத்துல இல்லைங்க, தளத்துல இருக்கு. 5க்கு 4 மீட்டர் ரூம், 3 மீட்டர் உயரம்னு வச்சுக்கங்க, சீலிங் 20 சதுர மீட்டர், தரை 20, சுவர் 54, மொத்தம் 94. சீலிங் 40 டிகிரியில காயுது, மத்ததெல்லாம் 30னா பரப்பளவு கணக்குல சராசரி கதிர்வீச்சு வெப்பநிலை 32 வரும். உடம்பு உணர்றது காத்தையும் இந்த 32ஐயும் கூட்டி பாதியாக்கினது, அதாவது 29. ரிமோட்ல 26, உடம்புக்கு 29, இந்த 3 டிகிரிக்கு தான் ராத்திரி பூரா கரண்டு பில் கட்டிட்டு இருக்கோம்.

ரேடியன்ட் கூலிங்னா அந்த தளத்தையே குளிர வைக்கறது. கான்கிரீட் ஸ்லாப்லயோ, அதுக்கு மேல போடற சிமெண்ட் லேயரான ஸ்கிரீட்லயோ பிளாஸ்டிக் பைப் ஓட்டி அதுல குளிர்ந்த தண்ணி விடறது. குளிர் ஊர்ல அதே பைப்ல வெதுவெதுன்னு தண்ணி விட்டா ஹீட்டிங். நம்ம நாட்டுக்கு ஒத்து வருமான்னு கேக்கறவங்களுக்கு, ஹைதராபாத் இன்ஃபோசிஸ் கேம்பஸ்ல ஒரே பில்டிங்க ரெண்டு சம பாதியா பிரிச்சு ஒரு பக்கம் வழக்கமான ஏசி, மறுபக்கம் ரேடியன்ட்னு ஓட்டி பாத்தாங்க, ரேடியன்ட் பக்கம் 34 சதவீதம் கிட்ட கம்மியா கரண்டு இழுத்துச்சு. பாங்காக் சுவர்ணபூமி ஏர்போர்ட்ல தரைக்கு அடியில குளிர்தண்ணி ஓடுது, அங்க இருக்கற ஈரப்பதம் நம்ம சேலத்தை விட எவ்வளவோ ஜாஸ்தி.

ஆனா வீட்டுக்கு போடறதுக்கு முன்னாடி எனர்ஜிபிளஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல சிமுலேட் பண்ணியே ஆகணும், அதாவது வீட்ட கம்ப்யூட்டர்ல கட்டி ஓட்டி பாக்கணும், ஏன்னா கான்கிரீட்ல பைப்ப பொதைச்சிட்டா அப்புறம் எடுக்க முடியாது. பண்றவங்க நிறைய பேரு ஏசி சைஸ் பண்ற பழக்கத்துலயே பண்றாங்க, வருஷத்துல எந்த நேரம் ரொம்ப சூடோ அதுக்கு கணக்கு போட்டுட்டு முடிச்சிடறாங்க. ரேடியன்ட்ல அது செல்லாது. இங்க முதல்ல பாக்க வேண்டியது டியூ பாயிண்ட், அதாவது காத்துல இருக்கற ஈரம் தண்ணியா படிய ஆரம்பிக்கற வெப்பநிலை, ரெண்டாவது பரப்போட வெப்பநிலை, காத்தோட வெப்பநிலை எல்லாம் அதுக்கப்புறம் தான்.

சாஃப்ட்வேர் தொறக்கறதுக்கு முன்னாடி

ஒரு பேப்பர எடுத்துக்கங்க. குளிர்ந்த பரப்பு டியூ பாயிண்டுக்கு கீழ போனா ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு மாதிரி சீலிங் வேர்க்கும், கட்டில் மேல சொட்டும், பெயிண்ட் உப்பும், பூசணம் புடிக்கும். அதனால தளத்த எவ்வளவு குளிர வைக்கலாம்ங்கறத நம்ம ஆசை முடிவு பண்றதில்ல, காத்துல இருக்கற ஈரம் தான் முடிவு பண்ணுது.

டியூ பாயிண்ட் கண்டுபிடிக்க மேக்னஸ் ஃபார்முலா போதும். ஈரப்பதத்த பின்னமா எழுதி அதோட இயற்கை லாகரிதம் எடுங்க, அதுகூட 17.62 பெருக்கல் வெப்பநிலைய, 243.12 கூட்டல் வெப்பநிலையால வகுத்து வர்றத கூட்டுங்க, அந்த விடைய கானு வச்சா, டியூ பாயிண்ட் (243.12 பெருக்கல் கா) வகுத்தல் (17.62 கழித்தல் கா). மொபைல் கால்குலேட்டர்லயே வந்துடும்.

இப்ப ரெண்டு நேரத்த போட்டு பாருங்க. சித்திரை மத்தியானம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம்: டியூ பாயிண்ட் 17.4 தான். ஐப்பசி சாயங்காலம் மழை விட்டு வெறும் 26 டிகிரி, ஈரப்பதம் 85: டியூ பாயிண்ட் 23.3. அதாவது ஊரே கொதிக்கற அன்னிக்கு தளத்த தாராளமா குளிர வைக்கலாம், ஸ்வெட்டரும் வேண்டாம் ஏசியும் வேண்டாம்னு இருக்கற அந்த மழைக்கால சாயங்காலத்துல தான் சிஸ்டம் மாட்டிக்கும். சேலத்துக்கு மழை ஆவணியில இருந்து ஐப்பசி வரைக்கும் நல்லா பெய்யும், உங்க சிமுலேஷன்ல உத்து பாக்க வேண்டிய மாசங்கள் அதுதான், மே மாசம் மட்டும் இல்ல.

இத வாட் கணக்கா மாத்தலாம். குளிர்ந்த சீலிங் ரூமுக்கு குடுக்கறது ஒரு சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 11 வாட் சுமாரா, குளிர்ந்த தரைன்னா 7 தான், ஏன்னா குளிர்ந்த காத்து தரையிலயே தங்கிடும் மேல ஏறாது. கூலிங்குக்கு சீலிங்க நான் சிபாரிசு பண்றது இதனால தான். ரூம் 27, சீலிங் 22னா 55 வாட். ஐப்பசியில 23.3க்கு மேல ஒரு டிகிரி பாதுகாப்பு விட்டு 24.3ல நிறுத்தினா 30 வாட் தான். ஜன்னல சாத்தி ஈரத்த எடுத்து ரூம 27 டிகிரி 50 சதவீதத்துல வச்சீங்கன்னா டியூ பாயிண்ட் 15.7க்கு எறங்கும், சீலிங்க 20க்கு கொண்டு போலாம், 77 வாட் கிடைக்கும். ஈரத்த எடுக்கற மெஷினுக்கு ஆகற செலவு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இந்த 30க்கும் 77க்கும் உள்ள வித்தியாசத்த காட்டுங்க.

வெயில் மேல இருந்து எறங்கறதையும் இதே பேப்பர்ல போடுங்க. 6 இஞ்ச் கான்கிரீட், மேல சுர்க்கி, இதோட யூ வேல்யூ, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு சதுர மீட்டருக்கு எத்தன வாட் கடத்துதுங்கறது, 3 கிட்ட. அழுக்கு புடிச்ச மொட்டை மாடி மத்தியானம் வெயிலையும் சேத்து 60 டிகிரிக்கு சமம்னு எடுத்தா, ரூம் 27க்கும் அதுக்கும் வித்தியாசம் 33, 33 பெருக்கல் 3, சதுர மீட்டருக்கு 99 வாட் உள்ள எறங்குது. நம்ம சீலிங்கால குடுக்க முடிஞ்சது 55. பைப் ரூம குளிர வைக்காது, சேலத்து வெயில குளிர வச்சிட்டு இருக்கும்! மேல 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் போர்டு, அதாவது வெப்பத்த தடுக்கற கெட்டி ஃபோம், போட்டா யூ வேல்யூ 0.5, எறங்கறது 16 வாட் தான். வெறும் வெள்ளை கூலிங் பெயிண்ட் மட்டும் அடிச்சாலும் 99, 60 கிட்ட வந்துடும், ஆனா பைப் ஓட்டறதா இருந்தா இன்சுலேஷன் இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

பைப் இல்லாத வீட்ட முதல்ல ஓட்டுங்க

சாஃப்ட்வேர்ல எனர்ஜிபிளஸ் போதும், அமெரிக்க எரிசக்தி துறை 2001ல வெளியிட்டது, காசு கிடையாது. ஓபன்ஸ்டூடியோ வழியாவும் ஓட்டலாம், காசு குடுக்க முடிஞ்சவங்க டிசைன்பில்டர்ல ஓட்டலாம், டிரான்சிஸ் தெரிஞ்சவங்க அதுலயும் பண்ணலாம். எனர்ஜிபிளஸ் எனக்கு புடிக்க காரணம், ஸ்லாபுக்கு நடுவுல வெப்பம் எடுக்கற கணக்க ரிச்சர்ட் ஸ்ட்ராண்ட் 1995ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல பிஎச்டிக்கு பண்ணினார், அந்த முறை தான் இதுக்குள்ள இருக்கு, சும்மா சீலிங்ல ஒரு வெப்பநிலைய ஒட்டி வைக்கற வேலை இல்ல.

வெதர் ஃபைல், அதாவது ஒரு ஊரோட வருஷம் பூரா மணிக்கு மணி வானிலை. ஒன்பில்டிங் வெப்சைட்ல தமிழ்நாட்டு ஃபைல்கள் இலவசமா கிடைக்கும். சேலம் பேருல இருக்கறது கிடைச்சா அத எடுங்க, இல்லன்னா பக்கத்து ஊர எடுக்கறப்ப கொஞ்சம் யோசிங்க, கோயம்புத்தூர் வேணாம், பாலக்காட்டு கணவாய் காத்து அங்க எல்லாத்தையும் மாத்திடும். திருச்சி பரவாயில்ல. எந்த ஃபைலா இருந்தாலும் அதுல இருக்கற டியூ பாயிண்ட் நம்பர்கள ஒரு தடவ மாச வாரியா கிராஃப் போட்டு பாத்துட்டு தான் மேல போகணும்.

அடுத்தது தரை வெப்பநிலை, இதுல தான் நிறைய மாடல் கெட்டு போகுது. நீங்க எதுவும் குடுக்கலன்னா எனர்ஜிபிளஸ் பில்டிங்குக்கு கீழ இருக்கற மண்ண வருஷம் பூரா 18 டிகிரின்னு எடுத்துக்கும். சேலத்து மண்ணுக்கு அடியில 18 டிகிரி எங்க இருக்கு? ஆழத்துல மண்ணோட வெப்பநிலை அந்த ஊரோட வருஷ சராசரிக்கு பக்கத்துல இருக்கும், நம்மளுக்கு 28 கிட்ட. அந்த 18ஐ அப்படியே விட்டா தரை இலவசமா குளிர் குடுக்கும், ரிசல்ட் பிரமாதமா வரும், வீடு கட்டினதுக்கு அப்புறம் அந்த குளிர் வராது. மாச வாரியா 12 நம்பரையும் நீங்களே போடுங்க.

இன்னொன்னு, ஜன்னல் வழியா உள்ள விழற நேர் வெயில டீஃபால்ட்டா மொத்தமும் தரை மேல போட்டுடும். தரையில பைப் ஓட்டறவங்களுக்கு இது பெரிய விஷயம், வெயில் படற தரை கூடுதலா வெப்பத்த இழுத்துக்கும், அது நெஜமா தரையிலயா விழுது சுவர்லயான்னு தெரியணும்னா சோலார் டிஸ்ட்ரிபியூஷன ஃபுல் இன்டீரியர் அண்ட் எக்ஸ்டீரியர்னு மாத்தணும், அதுக்கு ரூம் எல் ஷேப்ல இல்லாம குவிஞ்ச வடிவமா இருக்கணும். டைம்ஸ்டெப், அதாவது ஒரு மணி நேரத்துக்கு எத்தன தடவ கணக்கு போடணும்ங்கறது, 6, அதுக்கு கம்மியா வேண்டாம்.

சுவர் தளம் பொருளெல்லாம் நம்ம ஊர் கணக்குல போடுங்க, வெப்பம் கடத்தற அளவு (மீட்டருக்கு டிகிரிக்கு வாட்) ஆர்சிசி 1.58, செங்கல் 0.81, சிமெண்ட் பூச்சு 0.72. லைப்ரரியில இருக்கற அமெரிக்கா சுவரு, உள்ள மரச்சட்டம் வச்சு பஞ்சு அடைச்சது, அத தெரியாம எடுத்துடாதீங்க.

இப்ப ஏசி, பைப் எதுவும் இல்லாம, ஜன்னல் எப்ப தொறப்பீங்களோ அந்த ஷெட்யூலோட ஒரு வாரம் ஓட்டுங்க. அதே வாரம் நிஜ வீட்ல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், அந்த துப்பாக்கி மாதிரி இருக்கறது, அத வச்சு சீலிங்ல நாலு மூலை நடுவுலன்னு காலையில, மத்தியானம் மூணு மணிக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு, ராத்திரி பத்துக்கு அளந்து எழுதுங்க. பெயிண்ட் அடிச்ச பரப்புல அளங்க, பளபளன்னு இருக்கற ஸ்டீல் மேல அளந்தா தப்பா காட்டும். வெளிய உச்சி வெயில் மூணு மணின்னா தளத்துக்கு உள்பக்க உச்சி சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு தான் வரும், கான்கிரீட் வெப்பத்த புடிச்சு வச்சு மெதுவா விடுது. மாடல்லயும் அந்த உச்சி அதே நேரத்துல வரணும். வெப்பநிலை ஒரு டிகிரி முன்ன பின்ன இருந்தா சரி செஞ்சுக்கலாம், நேரம் ரெண்டு மணி தள்ளி வந்தா லேயர் தடிமனோ அடர்த்தியோ எங்கயோ தப்பு, அத சரி பண்ணாம பைப் பக்கம் போகாதீங்க. பைப் சிஸ்டத்தோட உயிரே இந்த நேர கணக்கு தான்.

பைப்ப உள்ள வைக்கறது

ஸ்லாபுக்கு இன்டர்னல் ஹீட் சோர்ஸ்னு ஒரு ப்ராப்பர்ட்டி குடுக்கணும். அதுல எந்த லேயருக்கு அப்புறம் பைப் இருக்குன்னு நம்பர் கேக்கும். லேயர எண்றது வெளிய இருந்து உள்ள, ரூஃப்னா மொதல்ல டைல்ஸ், அப்புறம் சுர்க்கி, எக்ஸ்பிஎஸ், கான்கிரீட்டோட மேல் பாதி, கான்கிரீட்டோட கீழ் பாதி, பூச்சு. பைப் கான்கிரீட் நடுவுல ஓடுதுன்னா அந்த 6 இஞ்ச், அதாவது 150 மில்லிமீட்டர் கான்கிரீட்ட ஒரே லேயரா எழுதாம ரெண்டா பிரிச்சு எழுதி சோர்ஸ் 4னு குடுக்கணும். மாடி வீட்ல நடு ஸ்லாபுக்கு பண்றப்ப ரெண்டு ரூமுக்கும் அந்த ஸ்லாப் பொது, ஒரு பக்கம் எழுதின வரிசைய மறுபக்கம் அப்படியே தலைகீழா எழுதணும், சோர்ஸ் நம்பரும் அதுக்கேத்த மாதிரி மாறும். ரன் ஆரம்பத்துலயே எரர் அடிச்சு நின்னா மொதல்ல இத பாருங்க.

பைப்புக்கு பைப் 150 மில்லிமீட்டர்னு வச்சா 20 சதுர மீட்டருக்கு 133 மீட்டர் பைப். ஒரே சுத்தா விட்டா தண்ணி போய் வர்றதுக்குள்ள சூடாயிடும், பம்பும் தெணறும், ரெண்டு சர்க்யூட்டா பிரிங்க. 20 சதுர மீட்டருக்கு 55 வீதம் 1100 வாட் எடுக்கணும், தண்ணி 3 டிகிரி ஏறலாம்னா நிமிஷத்துக்கு 5.3 லிட்டர் ஓடணும், சாஃப்ட்வேர் ஆட்டோசைஸ்னு தானா கணக்கு போட்டு குடுக்கற நம்பர் இதுக்கு பக்கத்துல இருக்கான்னு பாருங்க, பத்து மடங்கு வந்தா எங்கயோ யூனிட் கோளாறு.

சிஸ்டம் ஆப்ஜெக்ட் ரெண்டு இருக்கு. வேரியபிள் ஃப்ளோன்னா தண்ணியோட அளவ கூட்டி கொறைக்கும், கான்ஸ்டன்ட் ஃப்ளோன்னா அளவு மாறாது, தண்ணியோட வெப்பநிலைய மாத்தும். ஆரம்பிக்கறவங்க வேரியபிள்ல ஆரம்பிங்க. கன்ட்ரோல் எதை பாக்கணும்னு கேக்கும், டீஃபால்ட் காத்து, அத ஆப்பரேட்டிவ் டெம்பரேச்சர்னு, அதாவது ஆரம்பத்துல சொன்ன உடம்பு உணர்ற வெப்பநிலைன்னு மாத்துங்க, காத்த மட்டும் பாக்கறதா இருந்தா இவ்வளவு கஷ்டப்பட்டு தளத்த குளிர வைக்கறதுக்கே அர்த்தம் இல்ல. த்ராட்டிலிங் ரேஞ்ச், அதாவது தண்ணி நிக்கறதுக்கும் முழுசா ஓடறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, டீஃபால்ட் 0.5 டிகிரி. செட்பாயிண்ட்ல ஃப்ளோ சரியா பாதி இருக்கும், கூலிங் செட்பாயிண்ட் 27, ரேஞ்ச் 2னா 26ல தண்ணி நிக்கும் 28ல முழுசா ஓடும். கனமான ஸ்லாபுக்கு 0.5 ரொம்ப இறுக்கம், தண்ணி ஓடும் நிக்கும் ஓடும் நிக்கும், 2 வச்சு ஆரம்பிங்க.

கண்டன்சேஷன் கன்ட்ரோல்ல, அதாவது பரப்பு வேர்க்காம பாத்துக்கறதுல, மூணு வழி. ஆஃப்னு வச்சா வேர்த்தாலும் ஓடிட்டே இருக்கும், சிம்பிள் ஆஃப் பரப்பு டியூ பாயிண்டுக்கு ஒரு டிகிரி கிட்ட வந்தா மொத்தமா நிறுத்தும், வேரியபிள் ஆஃப் மொதல்ல தண்ணிய கொறைச்சு பாக்கும். நான் சொல்றது, மொதல் ரன்ன வேணும்னே ஆஃப்ல ஓட்டுங்க. வருஷத்துல எத்தன மணி நேரம் சீலிங் டியூ பாயிண்டுக்கு கீழ போகுதுன்னு எண்ணுங்க. அந்த எண்ணிக்கை தான் உங்க ரூமுக்கு டிஹியூமிடிஃபையர் வேணுமா, ஜன்னல் சாத்தறது மட்டும் போதுமான்னு சொல்லும். மொதல்லயே சிம்பிள் ஆஃப் போட்டுட்டா வேர்க்கவே இல்லைன்னு அழகா ரிசல்ட் வரும், சிஸ்டம் பாதி நாள் நின்னு போனது ரிப்போர்ட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ரெண்டாவது ரன்ல வேரியபிள் ஆஃப் போட்டு, ஆப்பரேட்டிவ் டெம்பரேச்சர் எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க.

ஈரம் எங்க இருந்து வருதுங்கறதும் மாடல்ல இருக்கணும். உட்கார்ந்திருக்கற ஒரு ஆள் 75 வாட் சூடும் 55 வாட் ஈரமும் விடறாரு. அந்த 55ஐ சீலிங்கால ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்கு தனியா காத்த காய வச்சு அனுப்பற யூனிட் வேணும். நம்ம வீட்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜன்னல தொறந்து வைக்கறது பழக்கம், அத ஷெட்யூல்ல எழுதுங்க, எழுதாத வீடு காகிதத்துல மட்டும் தான் குளிரும்.

அவுட்புட்ல நாலு கேட்டா போதும்: சீலிங்கோட உள்பரப்பு வெப்பநிலை, ஜோன் (ரூம்) காத்தோட டியூ பாயிண்ட், மீன் ரேடியன்ட் டெம்பரேச்சர் (சராசரி கதிர்வீச்சு வெப்பநிலை), ஆப்பரேட்டிவ் டெம்பரேச்சர். முதல் ரெண்டையும் ஒரே கிராஃப்ல, மணிக்கு மணி, வருஷம் பூரா. ரெண்டு கோடும் ஒட்டற இடத்துல தான் உங்க வேலை. ஒண்ணு மட்டும் இந்த கிராஃப்ல தெரியாது, ஸ்லாபுக்கு வெளிய இருக்கற சப்ளை பைப்பும், தண்ணிய சர்க்யூட்டுகளுக்கு பிரிச்சு விடற மேனிஃபோல்டும். தண்ணி 18ல வருதுன்னா ஐப்பசி மாதிரி டியூ பாயிண்ட் அதுக்கு மேல இருக்கற நாள்ல அந்த பித்தளை கட்டை மேல வேர்க்கும், சிமுலேஷன் அத பாக்காது, அதுக்கு இன்சுலேஷன் டேப் எழுதி வச்சுக்கங்க.

ஏற்காடுன்னா

சேர்வராயன் மலை மேல கதையே வேற. 20 கொண்டை ஊசி ஏறி போனா 1515 மீட்டர், சேலம் 278. கிலோமீட்டருக்கு 6.5 டிகிரின்னு எடுத்தா 8 டிகிரி கம்மி. அங்க 20 டிகிரி 90 சதவீதம்னா டியூ பாயிண்ட் 18.3, கூலிங்குக்கு இடமும் இல்ல, தேவையும் இல்ல. மார்கழி ராத்திரிக்கு தரை ஹீட்டிங் தான் அங்க விஷயம்.

சேலம் ஃபைல எலிமெண்ட்ஸ்ங்கற இலவச டூல்ல தொறந்து உலர் வெப்பநிலைய 8 கொறைங்க, ஈரப்பதத்த விட்டுட்டு டியூ பாயிண்ட திரும்ப கணக்கு பண்ணுங்க, காத்தழுத்தத்த 84,400 பாஸ்கல் கிட்ட வைங்க, தலைப்புல உயரத்தையும் மாத்துங்க. வானத்துல இருந்து வர்ற இன்ஃப்ராரெட் கதிர்வீச்சுக்கான வரிசையில எல்லாத்தையும் 9999னு போட்டா மேக அளவ வச்சு எனர்ஜிபிளஸே கணக்கு பண்ணிக்கும், பழைய நம்பர விட்டா மலை மேல வானம் சேலத்து சூட்டோட நிக்கும். இது தோராயம் தான், மூடுபனி நாளெல்லாம் இதுல வராது, அதனால முடிஞ்சா வெப்பநிலைய தானா பதிவு பண்ற ஒரு லாகர் வாங்கி டிசம்பர் ஜனவரி அந்த ரூம்லயும் வராண்டாவுலயும் வச்சு எடுங்க.

கணக்கு இப்படி. 4க்கு 4 ரூம், 450 மில்லிமீட்டர் கல் சுவர் ரெண்டு பக்கம் வெளிய, மேல ஓடு, உள்ள 20 வெளிய 13. சுவர்ல 24 சதுர மீட்டர் பெருக்கல் யூ வேல்யூ 2.5 பெருக்கல் 7 டிகிரி வித்தியாசம், 420 வாட். ஓட்டுக்கூரையில 336. மணிக்கு ஒன்றரை தடவை காத்து மாறினா 140, அங்க காத்து லேசு, ஒரு கன மீட்டர் ஒரு கிலோ தான் வரும், சேலத்து அடர்த்தி போட்டா ஜாஸ்தியா காட்டும். மொத்தம் 900 கிட்ட, 16ஆல வகுத்தா சதுர மீட்டருக்கு 56 வாட். சூடான தரைக்கு டிகிரிக்கு 11, அப்ப தரை 25 டிகிரி இருந்தா போதும், ஆஷ்ரே 55ங்கற அமெரிக்க தரநிலை தரைக்கு சொல்ற உச்ச வரம்பு 29க்கு நல்லா கீழ. தண்ணி 32ல இருந்து 35 போதும், ஹீட் பம்ப் தாராளமா குடுக்கும், வெயில் அடிக்கற நாள்ல சோலார் ஹீட்டரும் குடுக்கும். ஓட்டுக்கு அடியில ஒரு மர சீலிங் அடிச்சு இடுக்க அடைச்சுட்டு மறுபடி ரன் பண்ணி பாருங்க, பைப்ப விட அந்த செலவு தான் மொதல்ல லாபம்னு தெரியும்.

பைப்புக்கு கீழ இன்சுலேஷன் கட்டாயம், இல்லன்னா மலைய சூடு பண்ணிட்டு இருப்பீங்க. மண் வெப்பநிலை இங்க 20 கிட்ட.

கடைசியா நேரம். 75 மில்லிமீட்டர் ஸ்கிரீட்ட 5 டிகிரி ஏத்த சதுர மீட்டருக்கு 200 வாட்-மணி கிட்ட வேணும், 60 வாட்ல குடுத்தா மூன்றரை மணி நேரம், நடுவுல ரூமுக்கு போறதையும் சேத்தா இன்னும் ஆகும். ராத்திரி ஏழு மணிக்கு கெஸ்ட் ரூமுக்கு வர்றாங்கன்னா மத்தியானம் ரெண்டு மணிக்கே தண்ணி ஓடணும். ஷெட்யூல ரெண்டு மணி, மூணு மணி, நாலு மணின்னு தனித்தனி ரன்னா ஓட்டி ஏழு மணிக்கு ஆப்பரேட்டிவ் டெம்பரேச்சர் எது 20ஐ தொடுதோ அத எடுத்துக்கங்க, விடியக்காலையில அஞ்சு மணிக்கு தண்ணிய நிறுத்தினாலும் ஸ்கிரீட்ல இருக்கற சூடு எட்டு மணி வரைக்கும் தாங்குதான்னு அதே கிராஃப்ல பாத்துடலாம்.